நட்சத்திரம் இல்லாத ஸ்லைடு



போன செமஸ்டரில் என் முதல் செமினார். தலைப்பு, மின்மாற்றியில் ஏற்படும் இழப்புகள். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் கிடைப்பதோ ஒரு மணி நேரம். அதனால் சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்த மார்க்டவுன் முறையில், பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் செல்போனிலேயே டைப் பண்ணி வைத்தேன். லேபில் அதை அப்படியே பவர்பாயிண்டில் ஒட்டினேன். திரையில் பார்த்தால் வரிக்கு வரி நட்சத்திரம்! "என்னடா, வானசாஸ்திர செமினாரா?" என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. கூனிக் குறுகிப் போனேன். ஏன் அப்படி ஆச்சு என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மார்க்டவுன் என்றால் என்ன?

2004-இல் ஜான் க்ரூபர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட எழுத்து முறை இது. சாதாரண எழுத்திலேயே சில குறிகளைப் போட்டு, இது தலைப்பு, இது தடித்த எழுத்து என்று சொல்லிவிடலாம். உதாரணமாக:

# இழப்புகள்

- இரும்பு இழப்பு: சுமை இல்லாவிட்டாலும் உண்டு
- செம்பு இழப்பு: மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்

# போட்டால் தலைப்பு. சிறு கோடு போட்டால் பட்டியல். சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. இதை எழுத எந்தச் செல்போனும் போதும்.

நட்சத்திரம் ஏன் வந்தது?

நாம் காப்பி பண்ணுவது கிளிப்போர்டு என்ற இடத்தில் தங்குகிறது. அது ஒரே விஷயத்தைப் பல வடிவங்களில் வைத்துக்கொள்ளும். பிரவுசரில் தெரியும் பக்கத்தைக் காப்பி பண்ணினால் வெறும் எழுத்தோடு எச்டிஎம்எல் வடிவமும் சேர்ந்து போகும். அதைப் பார்த்துத்தான் பவர்பாயிண்ட் தடிப்பையும் பட்டியல் புள்ளியையும் கொண்டு வருகிறது. நோட்பேடில் காப்பி பண்ணினால் வெறும் எழுத்து மட்டும்தான் போகும். பவர்பாயிண்டுக்கு மார்க்டவுன் குறி தெரியாது. நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே போட்டுவிடும். ஆக, ஒட்டுவதற்கு முன்னால் ஒரு மாற்றம் தேவை.

செய்முறை

1. பாண்டாக் என்ற இலவச மென்பொருளால் கோப்பை எச்டிஎம்எல்லாக மாற்றுங்கள். இதை 2006-இல் முதலில் வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன் ஒரு தத்துவப் பேராசிரியர் என்பது ஆச்சரியம்!

2. அந்தக் கோப்பைப் பிரவுசரில் திறந்து, தேவையானதை மட்டும் காப்பி பண்ணுங்கள்.

3. ஸ்லைடில் விஷயம் எழுதும் பெட்டிக்குள் கிளிக் செய்து ஒட்டுங்கள். ஒட்டும் வாய்ப்புகளில், ஸ்லைடின் தீமைப் பின்பற்றும் வாய்ப்பே நல்லது. எழுத்து மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தடிப்பு போய்விடும்.

4. # போட்ட வரியும் அதே பெட்டியில்தான் விழும். அதை வெட்டி, மேலே தலைப்புப் பெட்டியில் ஒட்டுங்கள்.

லேபில் பாண்டாக் இல்லையா? கூகுள் டாக்ஸில் 2024 முதல் மார்க்டவுனை வடிவத்தோடு ஒட்டும் வசதி உண்டு. முதலில் அமைப்புகளில் மார்க்டவுனை ஆன் செய்ய வேண்டும். அங்கே ஒட்டிவிட்டு, அங்கிருந்து ஸ்லைடுக்குக் காப்பி பண்ணலாம். பாண்டாக் நேரடியாகவே பவர்பாயிண்ட் கோப்பும் தரும். அதில் தலைப்புகள் தானாகவே ஸ்லைடின் தலைப்பாகிவிடும்.

இரண்டு விஷயம் மறக்காதீங்க. # குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடணும். பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி விடணும். இல்லாவிட்டால் பாண்டாக்கில் பட்டியல் முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும்.

இந்த செமஸ்டரில் இரண்டாவது செமினார். லேபில் ஸ்லைடு போட இருபது நிமிஷம்தான் ஆச்சு. மீதி நேரம் பேசிப் பழகினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் பாடத்தில் சந்தேகம் கேட்டான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத தம்பி தங்கைகளே, இன்றைக்கே பஸ்ஸில் எழுத ஆரம்பியுங்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு