புளிப்பு நமக்குப் புதிதல்ல

பீர் என்றால் கசக்கும். நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புளிக்கிற பீரும் உண்டு, அதற்கென்றே பெல்ஜியம் பெயர் பெற்றிருக்கிறது, அந்தப் பீரைத் தேடி மாக் மண்டினிலிருந்து கடல் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படிப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் ஆறு பேர். பட்டர்வொர்த், பிறை வட்டாரத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். வாங்குவது ஒரே ஒரு பாட்டில், 750 மில்லிலிட்டர். ஆளுக்கு 125 மில்லி, அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசுவோம். பாட்டிலின் விலையைக் கேட்டால் வீட்டில் முகம் மாறும். அந்தக் காசில் ஒரு குடும்பமே வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். "புளிச்ச தண்ணிக்கா இவ்வளவு காசு?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனபோதுதான் நம் சொந்தக் கதையும் அதற்குள் இருப்பது தெரிந்தது.

காற்றுதான் ஈஸ்ட்

இன்று உலகெங்கும் விற்கும் பீரில் பெரும்பகுதி, ஆய்வுக்கூடத்தில் தனியாகப் பிரித்து வளர்த்த தூய ஈஸ்ட்டால் ஆனது. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலும் ஒரே சுவை. புளித்துப்போவது என்பது ஆலையின் குறை என்றாகிவிட்டது.

பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் சேர்ந்த சில ஆலைகள் மட்டும் பழைய வழியை விடவில்லை. அவர்கள் செய்யும் பீருக்கு லாம்பிக் என்று பெயர். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்து, சில வருடம் பழையதான ஹாப்ஸ் பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். பழைய பூவில் கசப்பு போயிருக்கும், கெட்டுப்போகாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சியிருக்கும். கொதித்த சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, கூரையடியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். குளிர்ந்த இரவுக் காற்றில் மிதந்து வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் இந்த வேலை நடக்கும்.

மறுநாள் அது மரப் பீப்பாய்க்குள் போகும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கூட அங்கேயே கிடக்கும். இளசையும் முற்றியதையும் அளவாகக் கலந்து, பாட்டிலில் அடைத்து மறுபடி நொதிக்க விட்டால் அது கூஸ். புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறப் போட்டால் கிரீக். எல்லாமே பெரும்பாலும் 5, 6 விழுக்காடு ஆல்கஹால்தான். சாதாரண பீரைவிடப் பெரிய வித்தியாசமில்லை.

பாளையிலும் அதே வேலை

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கிய நண்பர், கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார்: "இதைத்தானே நம்ம தாத்தா மரத்து மேல செஞ்சாரு!"

உண்மைதான். தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி, கீழே முட்டியைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது இனிப்பான சாறு. யாரும் அதில் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் உட்புறத்திலும் இருப்பதே போதும், இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்கும். லாக்டிக் பாக்டீரியா புளிப்பைத் தரும். மேலும் விட்டால் அசிட்டிக் பாக்டீரியா அதைக் காடியாக்கிவிடும். நொதிக்க வேண்டாம் என்றால் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும், அப்போது கிடைப்பது பதநீர்.

லாம்பிக்கில் நடப்பதும் இதே குடும்பத்துக் கிருமிகளின் வேலை. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. நம் வெயிலில் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடும், மறுநாள் காடி நாற்றம் அடிக்கும். அங்கே குளிரில் அதே பயணத்துக்கு வருடங்கள் ஆகின்றன. முற்றவைத்து அருந்தும் பழக்கம் தமிழனுக்குத் தெரியாததும் அல்ல. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரும் நம்மவர்தான். இரண்டு குரலும் நம் மரபில் சேர்ந்தே இருக்கின்றன.

கள்ளுக்கடை வாசலில் நின்ற கோபம்

அம்மா முகம் சுளித்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். சம்பள நாளில் எந்த வீட்டில் உலை கொதிக்கும், எந்த வீட்டில் கொதிக்காது என்பது கள்ளுக்கடை வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார்.

அன்றைய தோட்டக் கள்ளுக்கடைகள் அரசாங்க உரிமத்தோடு, நிர்வாகத்தின் கண்முன் நடந்தவை. காலையில் கொடுத்த கூலி மாலையில் அந்த வழியாகவே திரும்பிப் போனது. அதை எதிர்த்து நின்றவர்களில் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமையோடும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1947-இல் நமக்குப் பக்கத்திலேயே, கெடா மாநிலம் பீடோங்கில், தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசின் தடியடிக்கு ஆளானார்கள்.

ஆகவே கள் என்றதும் நம் குடும்பங்களில் எழும் கசப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்கு வந்தார்கள், கள்ளுக்கடைகள் அரிதாயின. குடி மட்டும் போகவில்லை. கள்ளின் இடத்துக்கு மலிவான சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டது நமக்கு மறந்திருக்காது. தமிழ்நாட்டிலும் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் அரசே நடத்தும் மதுக்கடைகள் திறந்திருக்கின்றன. மரம் ஏறும் கைத்தொழில்தான் மெல்ல மறைகிறது.

பெல்ஜியத்திலும் லாம்பிக் ஏறக்குறைய இதே நிலைக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1900-இல் தொடங்கிய காந்தியோன் ஆலை நெடுங்காலம் அங்கே ஒற்றையாக நின்றது. 1978-இல் அந்தக் குடும்பம் ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்து, எப்படிச் செய்கிறோம் என்பதை மக்களுக்குக் காட்டத் தொடங்கியது. 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் காப்பாற்றியது போதையை அல்ல, செய்முறையை. நாம் குடியைத் துரத்தப் போய் செய்முறையை இழந்தோம், குடியோ வேறு வேடத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சுவைப்பது எப்படி?

முதல் மடக்கில் பலருக்குப் பிடிக்காது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஈரமான மரம், கொஞ்சம் குதிரை லாயம் என்று மணம் குழம்பி வரும். லாய வாசனைக்குக் காரணம் பிரெட்டானோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட். அதற்கு 1904-இல் பெயர் வைத்தவரும் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துக்காரர்தான்!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கிரீக் எளிது. பழத்தின் மணம் புளிப்புக்குத் துணை நிற்கும். ஐஸ் போட வேண்டாம், பனிக்கட்டிக் குளிரும் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்துவிட்டு ஊற்றினால்தான் மணம் எழும். அடியில் படிந்திருப்பது ஈஸ்ட், பாட்டிலைக் குலுக்காதீர்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் இதற்குப் பொருத்தம் பொரித்த மீன், இறால் வடை. எங்களில் ஒருவர் மாங்காய் ஊறுகாயோடு முயன்றார், இரண்டு புளிப்பும் சண்டையிட்டன.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. 2020-இல் வாகனமோட்டிகளின் இரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிக்கு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. நாங்கள் காரை எடுப்பதே இல்லை, ஃபெர்ரிதான்.

குடியால் அடிபட்ட வீட்டுக்கு இந்தக் கட்டுரை அழைப்பு அல்ல. அங்கே ஒரு சொட்டும் வேண்டாம் என்பதே சரி. குடிக்காதவர்களும் புளிப்பின் இந்த மரபில் பங்காளிகள்தான். இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும், பழைய சோற்று நீராகாரமும், அன்று கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்ப மாவும் இதே உயிர்களின் கைவேலை.

போன மாதம் அம்மாவிடம் பாளை சீவுவதைப் பற்றிக் கேட்டேன். குடியைத் திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தார். பிறகு முட்டியை எப்படிக் கழுவுவார்கள், பாளையை எந்தப் பக்கம் தட்டுவார்கள், எத்தனை மணிக்கு மரம் ஏறுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் தோட்டத்து நாள்களை அறிந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.