மாத்தளை வழியில் ஒரு கமரா

விடுமுறை நெருங்குந்தோறும் மாணவர் பலர் என்னிடம் வந்து கேட்கும் வினா ஒன்றுண்டு: "சேர், பயணம் போய்ப் படம் எடுக்க எந்தக் கமரா வாங்கலாம்?" உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தாயின் சங்கிலியை அடகு வைத்தாயினும் விலையுயர்ந்த கருவி ஒன்றை வாங்கிவிடத் துணிந்து நின்றான். வேண்டாம் என்று தடுத்தேன். தடுத்ததற்குரிய காரணங்களைச் சற்று விரித்துரைப்பது பெற்றோருக்கும் பயன்படும்.

எந்தக் கருவி வேண்டும் என்பதைக் கடைக்காரரின் கண்ணாடி அலுமாரியன்று, நாம் செல்லும் இடமே தீர்மானிக்க வேண்டும். நம் மாத்தளை மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்புள்ளையில் இருண்ட குகை, சீகிரியாவில் வெயிலில் கொதிக்கும் பாறை, றிவர்ஸ்டனில் மலைப்பனி. மூன்றுக்கும் வெவ்வேறு ஒளி.

1870, 71ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் அநுராதபுரம், பொலனறுவை, சீகிரியா முதலிய பழம்பதிகளைப் படம்பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, ஈரம் உலருமுன்னரே படமெடுத்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். ஆகவே செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் உடன் செல்ல வேண்டியிருந்தது. இன்று அவ்வளவும் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன.

கையடக்கத் தொலைபேசி இகழத்தக்கதன்று. அதன் பிரதான வில்லை அகன்ற காட்சியைக் காட்டுவது; பழைய பிலிம் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 24 முதல் 28 மி.மீ. வரை. போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் அமைக்கப்பட்ட நாலந்தா கெடிகே அதற்குள் முழுமையாக அடங்கும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் படும்போது எடுத்தால் கற்சிற்பங்கள் புடைத்துத் தோன்றும். வஸ்கமுவ வனத்தில் தூரத்தே நிற்கும் யானையோ எள்ளளவாகிவிடும். விரலால் விரித்துப் பெருப்பித்தால் யானை தெளிவதில்லை. அதற்கு 300 மி.மீ. வில்லை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காணும் யானைக்காக அதை விலைக்கு வாங்குவானேன்? இரவல் பெறுக.

கருவியின் தரம் மெய்யாக வெளிப்படுவது தம்புள்ளைக் குகை விகாரையில். ஐந்து குகைகளுள் பெரியது 52 மீற்றர் நீளமுடையது. வாயில் வழியே வரும் வெளிச்சமும் மங்கிய விளக்குகளுமே துணை. சுவரோவியங்களின் நலன் கருதிப் பிளாஷ் விலக்கப்பட்டுள்ளது. கமராவுடன் சேர்த்துத் தரப்படும் சாதாரண சூம் வில்லையை நீட்டிப் பிடித்தால் அதன் துளை எஃப் 5.6 அளவுக்கே விரியும். எஃப் 1.8 வரை விரியும் ஒற்றை வில்லை, அதனிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் ஆறில் ஒரு செக்கன் வேண்டிய காட்சி, பின்னதில் அறுபதில் ஒரு செக்கனில் பதிந்துவிடும். ஆறில் ஒரு செக்கன் கை நடுங்காது நிற்பது யோகிகளுக்கே ஆகும். எனவே புத்தம் புதிய பெரிய கமராவிலும், பாவித்த எளிய கமராவும் நல்ல 35 மி.மீ. வில்லை ஒன்றுமே மேல் என்பது என் துணிபு. அம்மாணவனுக்கும் இதையே சொன்னேன். இன்னொன்று: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்தல் அவமதிப்பாகும். நம் கோயிற் கருவறையை நாம் மதிப்பதுபோலப் பிறர் சந்நிதியையும் மதித்தல் வேண்டும்.

சீகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். கனத்த பையும் முக்காலியும் தூக்கியவர் பாதி வழியிலேயே அவற்றைச் சபிப்பர். ஓவியங்கள் இருக்கும் குகையிற் படமெடுக்கத் தடையுண்டு. 1967இல் தீயோர் சிலர் அவ்வோவியங்கள்மீது வர்ணம் பூசிச் சிதைத்தனர் என்பதை நினைப்போர்க்கு இக்கண்டிப்பு மிகையாகத் தோன்றாது. கமராவைப் பைக்குள் இட்டுக் கண்ணாரக் காணுங்கள்.

றிவர்ஸ்டன் பனியை எடுத்தால் படம் சாம்பல் பூத்தாற்போல் வருகிறதே என்பர் பலர். கமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பது. வெண்மை மிகுந்தால் ஏமாந்துவிடும். ஒளியை ஒரு படி கூட்டி வைத்தால் பனி பனியாகவே பதியும். மலைநாட்டு ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்வது பெருந்தொல்லை. தோலுறையிற் பூட்டி வைக்காது, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள்.

மாசி மகத்தில் ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரதங்கள் வீதிக்கு வரும்போது நீண்ட வில்லையால் பயனில்லை. சனத்திரளுக்குள் நெருங்கி நின்று, தேரின் நிழலில் வடம் பற்றியிருப்போரின் முகங்களைப் பாருங்கள். தேரை மட்டும் எடுத்தால் அஞ்சலட்டைதான் கிடைக்கும். 1983 ஆடிக் கலவரத்தில் இக்கோயிலும் தேர்களும் தீக்கிரையாயின. இன்று வலம் வருவன பின்னர் செய்யப்பட்டவை. பழைய தேரின் கோலத்தை இன்றைய பிள்ளையொன்று காண விரும்பின், அன்று யாரோ ஒருவர் எடுத்துப் பத்திரப்படுத்திய படமே வழி.

ஆதலின் எடுத்த படங்களைத் தொலைபேசியிலேயே விட்டுவைக்க வேண்டாம். பிரதி இரண்டு செய்து இரண்டு வீடுகளில் வையுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் திகதியும் இடமும் நிற்போர் பெயரும் எழுதுங்கள். "இது யார், அம்மம்மா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவருமில்லாத படங்கள் நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் எத்தனையோ கிடக்கின்றன.