திருக்கை முள்ளும் வெந்நீர் வாளியும்

மக்களே, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த மாதிரி ஆழமில்லாத மணல் தரை திருக்கை மீனுக்கு ரொம்பப் பிடித்த இடம். வயிற்றை மணலுக்குள் புதைத்து, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்துக் கிடக்கும். அது பாவம், யாரையும் தேடி வந்து குத்தாது. நாம் தெரியாமல் மிதித்துவிட்டால்தான் வாலைச் சட்டென்று மேலே வளைத்து முள்ளை இறக்கிவிடும்.

அந்த முள்ளின் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் இருக்கும். அதனால் உள்ளே போவது சுலபம். வெளியே வரும்போதுதான் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளை மூடியிருக்கிற மெல்லிய தோலில் விஷமும் உண்டு. வலி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். கடலிலேயே வளர்ந்த ஆள்கூட அலறிவிடுவார்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம், அங்கே ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே ஐஸ் உதவாது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வேண்டும். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட காலை அதில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகவே குறைகிறது. கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான்.

காரணம், அந்த விஷம் புரதத்தால் ஆனது. புரதத்துக்குச் சூடு ஆகாது. முட்டை வெள்ளைக்கருவும் புரதம்தானே? வேகவைத்தால் அது உருமாறிக் கெட்டியாகிவிடுகிறது, திரும்பப் பழைய நிலைக்கு வருவதில்லை. அதுபோல விஷமும் சூட்டில் வீரியம் இழக்கும். இதில் நரம்புக்கும் பங்கு உண்டு. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் ஒரு கருத்தைச் சொன்னார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, வேறு உணர்ச்சிகள் சேர்ந்து வந்தால் அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும் என்பதே அது. முட்டி இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, ஏன் என்று இப்போது தெரிகிறதா?

வெந்நீரில் வைத்தாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முள் உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

சரி, ஐஸுக்கு எப்போது வேலை? கடற்கரைப் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். மணலில் ஓடும்போது கணுக்கால் பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் அறுந்து கசிகின்றன, கணுக்கால் வீங்குகிறது. குளிர்ச்சி பட்டால் குழாய்கள் சுருங்கும், கசிவு குறையும். நரம்பில் செய்தி ஓடும் வேகமும் குறைவதால் வலி மரத்துப்போகும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பம் அது! வெறும் குளிர்ந்த தண்ணீரைவிட ஐஸ் இவ்வளவு வேலை செய்வது இதனால்தான். ஆனால் தோலில் நேராக வைத்தால் தோல் வெந்துபோனதுபோல் ஆகிவிடும். ஒரு துவர்த்தில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும்.

அதற்கு மேல் ஏன் வேண்டாம் என்பதில் ஒரு கதை இருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவைத்தல் என்ற முறையை 1978-இல் தம் புத்தகத்தில் எழுதிப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல வருடம் கழித்து அவரே, ஐஸை அதிக நேரம் வைத்தால் காயம் ஆறுவது தாமதப்படலாம் என்று எழுதினார். வீக்கம் என்பது உடம்பின் பழுதுபார்ப்பு வேலையும்கூட. அதை முழுக்க நிறுத்திவிடக் கூடாதல்லவா?

பாட்டியின் முதுகுப் பிடிப்பு வேறு சமாச்சாரம். அங்கே புதிதாக எதுவும் கசியவில்லை, தசை இறுகிக் கிடக்கிறது. சூடு பட்டால் இரத்தக் குழாய் விரியும், இரத்தம் கூடுதலாக ஓடும், இறுக்கம் தளரும். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்களே, அதில் நல்ல அறிவியல் இருக்கிறது. உப்பு உருக 801 டிகிரி வேண்டும், அதனால் வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் உருகாது. படபடவென்று வெடிக்கிற சத்தம், கல்லுக்குள் அடைபட்ட துளித் தண்ணீர் ஆவியாவதால் வருவது.

தைலம் தடவினால் ஜில்லென்று இருப்பது மட்டும் சுத்த ஏமாற்று. தோலில் குளிரை அறியும் புரதம் ஒன்று இருக்கிறது. தைலத்தில் இருக்கும் மென்தால் அதைத் தூண்டிவிடுகிறது, உடனே மூளை "குளிர்" என்று நம்பிவிடுகிறது. மிளகாயும் இப்படியே சூட்டை அறியும் புரதத்தை ஏமாற்றும். சூடு 43 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். இதையெல்லாம் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் சூட்டை உணர்த்தும் எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம். நரம்பு மரத்திருக்கும், தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். அவர்கள் பாதத்துக்கு டாக்டரைக் கேட்காமல் ஒத்தடம் கொடுக்காதீர்கள். முதுகுக்குக் கொடுப்பதானாலும் முடிச்சை முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பாருங்கள்.