தென்கயிலையிலிருந்து வடகயிலைக்கு



போன கிழமை திருகோணமலைக் கடற்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அப்பம்மா கயிலாய யாத்திரை போனவா. அங்கே ஒரே தலையிடியாம், சாப்பாடும் இறங்கவில்லையாம். நான் கோணேசர் கோயிலுக்கு ஓடி ஏறினாலும் எனக்குத் தலையிடி வருவதில்லையே, ஏன்?"

எவ்வளவு நல்ல கேள்வி! நம் கோணேசர் கோயிலைத் தட்சிண கைலாசம், தென்கயிலை என்று சொல்வார்கள். தென்கயிலையில் வராத தலையிடி, வடகயிலையான கயிலாய மலையில் ஏன் வருகிறது?

ஒரு கூடை நிறைய மாம்பழம் அடுக்கு. அடியில் கிடக்கும் பழத்தின் மேல்தான் பாரம் அதிகம், இல்லையா? காற்றுக்கும் பாரம் உண்டு. நம் தலைக்கு மேல் வெகுதூரம் வரை காற்று அடுக்கடுக்காக இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம் அந்தக் கூடையின் அடித்தட்டு. இங்கே உன் விரல் நகம் அளவு இடத்தின் மேல்கூட ஏறக்குறைய ஒரு கிலோ காற்று அமுக்குகிறது. அதனால் காற்று நெருக்கமாக இருக்கிறது.

மேலே ஏற ஏறப் பாரம் குறையும், காற்று ஐதாகும். நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது உன் காது அடைக்கும். கையில் இருக்கும் சிப்ஸ் பக்கற் பலூன் போல உப்பும். பார்த்திருக்கிறாயா? வெளிக்காற்றின் அமுக்கம் குறைந்ததுதான் காரணம்.

இப்போது கவனமாகக் கேள். பெரியவர்களே தடுமாறும் இடம் இது. "மலையில் ஒட்சிசன் வீதம் குறைவு" என்று பலர் சொல்வார்கள். அது பிழை. ஒரு சரையில் நூறு கச்சான் இருக்கிறது என்று வை. கச்சானைக் காற்றுத் துணிக்கை என்று நினைத்தால், அதில் 21 ஒட்சிசன். மிக உயர்ந்த மலையில் அதே சரையில் ஐம்பது கச்சான்தான் இருக்கும். அப்போதும் ஐந்தில் ஒன்று ஒட்சிசன்தான், ஆனால் எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினொன்றுதான் தேறும். விளங்கியதா? பங்கு மாறவில்லை, சரைதான் பாதியாகிவிட்டது.

கயிலைக்குப் போகிறவர்கள் காணும் மானசரோவர் ஏரி ஏறக்குறைய 4600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கயிலையைச் சுற்றுகிறவர்கள் கடக்கும் டோல்மா கணவாய் 5600 மீற்றருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். நம் நாட்டிலேயே உயர்ந்த பீதுருதாலகால மலை 2524 மீற்றர். அந்த அப்பம்மாவுக்கு வந்தது போன்ற மலைநோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். இலங்கையில் நாம் அதை அறியாமல் இருப்பது அதனால்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குவது கால்கள் உழைப்பதால், காற்று குறைந்ததால் அல்ல.

உடம்பு சும்மா இருக்காது. மூச்சு வேகமாகும், இதயம் வேகமாக அடிக்கும். குருதியில் ஒட்சிசன் குறைந்ததைச் சிறுநீரகம் கண்டுபிடித்துப் பள்ளிக்கூட மணி போல ஓர் அறிவிப்பு அனுப்பும். அது ஒரு ஹோர்மோன். அந்த மணி கேட்டதும் எலும்பு மச்சை கூடுதலான செங்குழியங்களைச் செய்யத் தொடங்கும். ஆனால் அந்த வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். உடம்பு பழகுமுன் ஆள் அவசரப்பட்டு ஏறினால்தான் தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, தூக்கமின்மை எல்லாம் வரும்.

பட்டத்துக்கு நூல் விடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். 3000 மீற்றருக்கு மேல் போனால், இரவு படுக்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்கும் இந்த நோய் வரும். ஆகவே தலையிடித்தால் மறைக்கக்கூடாது, உடனே சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ சுவாசப்பையிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்போது விடியும் வரை காத்திருக்கக்கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும்.

நம் நாட்டின் ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அங்கே நம் ஊர்க் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. அவரோடு ஏறிய யொஹான் பீரிஸ், ஒட்சிசன் கருவி கோளாறானதால் ஏறக்குறைய 8400 மீற்றரில் திரும்பிவிட்டார். உச்சிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான்! எனக்கு அந்தத் திரும்பல் மிகவும் பிடிக்கும். 2018இல் அவர் மறுபடியும் போய் உச்சியில் நின்றார்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை நுவரெலியா போனால், ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலை அங்கே திறந்து, இறுக மூடிக்கொண்டு வா. திருகோணமலைக்கு வந்ததும் அதை எடுத்துப் பார். போத்தலுக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மாமாவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பு.