சோழன் கரிகாலன் – 7: சிறையும் செப்பேடும்

தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரசுரிமை பெற்ற கரிகாலன் பகைவர் காவலில் அகப்பட்டது வரை சென்ற வாரமே சொல்லியாயிற்று.

அந்தச் சிறைவாழ்வுக்கு முதன்மையான சான்று கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. கூட்டிலடைபட்ட புலிக்குட்டியைப் போல அவன் காவலுக்குள்ளேயே வலிமை பெற்றதையும், வாளேந்திக் காவலைக் கடந்து தனக்குரிய ஆட்சியை அடைந்ததையும், அதனோடு நிறைவடையாமல் பகைவர் அரண்கள்மீது படையெடுத்ததையும் கூறும் அந்நூல், தீயில் அவன் கால் கருகியதாக வழங்கும் கதையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. காலில் தீப்பட்ட செய்தி பொருநராற்றுப்படையின் இறுதியில் காணப்படும் தனி வெண்பாவிலும், உயிர்தப்பிய சோழன் மகன் பிடர்த்தலையார் என்பவரின் துணையால் செங்கோல் செலுத்திய செய்தி பழமொழி நானூற்றிலும் வருகின்றன. ஆகவே சிறைவாசத்தை உறுதியாகவும், தீயைப் பிற்கால மரபாகவும் கொள்வதே முறை.

இளையவன் வழக்கின் முடிவு காணமாட்டான் என்று ஐயுற்ற முதியவர்கள் மகிழும்படி, நரைமுடி அணிந்து வந்து நீதி வழங்கிய சோழன் ஒருவனைப் பற்றியும் பழமொழி நானூறு பேசுகிறது. மரபு அவனைக் கரிகாலன் என்றே கொள்கிறது.

இந்த இளமைக் கதைகளுள் ஒன்றையும் ஏற்காமல் கரிகாலனை நினைவுகூரும் ஆவணம் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே கிடைத்திருப்பது பெரிதும் வியப்புக்குரியது. திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள திருவாலங்காட்டில் 1905இல் வெளிப்பட்ட அச்செப்பேடுகள், அதாவது கொடையின் விவரத்தைச் செம்புத் தகடுகளில் பொறித்து, வளையத்தில் கோத்து, அரச முத்திரையிட்டு வழங்கிய ஆவணம், 31 ஏடுகளைக் கொண்டவை. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்கு அளித்ததைத் தமிழ்ப்பகுதி பதிவு செய்ய, சோழர் மரபைப் புகழும் வடமொழிப் பகுதியாகிய பிரசஸ்தி சூரியனில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அவ்வரிசையில் கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தவனாகவும் காஞ்சியைப் பொன்னால் புதுப்பித்தவனாகவும் மட்டுமே இடம்பெறுகிறான். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தொண்டை நாட்டுக் கோயில் ஒன்றுக்குக் கொடையளித்த சோழனுக்கு, சிறையிலிருந்து தப்பிய சிறுவனைவிடத் தொண்டை நாட்டின் தலைநகரை அணிசெய்த பேரரசனே தேவைப்பட்டான். அச்செப்பேட்டு வரிகளைக் கரிகாலன் காலத்துச் சான்றாகக் கொள்வதைவிட, இராசேந்திரன் காலத்துச் சோழர் தம் முன்னோனை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே நெல்லூர்ச் சீமையை ஆண்ட தெலுங்குச் சோழர்களும் தம்மைக் கரிகாலன் வழியினர் என்றே கல்வெட்டுகளில் பெருமையுடன் குறித்தனர். அவன் பெயரின் மதிப்பு அத்தகையது.

சேரனையும் பாண்டியனையும் ஒரே களத்தில் அவன் வென்ற வெண்ணிப் போர் இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. செப்பேடு இடத்தை எடுத்துக்கொண்டமையால் அது அடுத்த இதழில் இடம்பெறும். அதற்குள் பொருநராற்றுப்படையில் அப்போரைக் கூறும் பகுதியை வாசகர்கள் ஒருமுறை படித்து வைத்திருப்பது நலம்.