இரு மொழிகள், ஒரே முதுமொழி

சித்தூர்க் கிளையில் பணியேற்ற முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. இங்குள்ள வாடிக்கையாளர் பலர் தெலுங்கில் பேச்சைத் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் மக்கள் வாயில் வழங்கும் பழமொழிகள் மாறவில்லை.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்கிறோம் நாம். "இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு" என்கின்றனர் தெலுங்கர். சொல்லுக்குச் சொல் ஒன்றே. நாம் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதை அவர்கள் "தீபம் உண்டகானே இல்லு சக்கபெட்டுகோ" என்பார்கள். விளக்கு எரியும்போதே வீட்டை ஒழுங்குபடுத்து என்பது பொருள். ஒன்று களத்துமேட்டில் பிறந்தது, மற்றொன்று வீட்டுக்குள் பிறந்தது. வாய்ப்புள்ளபோதே செய் என்னும் அறிவுரை ஒன்றே.

இம்மொழிகளின் செல்வத்தை உணர்ந்தவர்கள் அவற்றை அன்றே தொகுத்தனர். கார் என்பவரின் தெலுங்குப் பழமொழித் தொகுப்பு 1868இல் வெளிவந்தது. பெர்சிவல் பாதிரியாரின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன.

கடல் கடந்தும் இந்த ஒற்றுமையைக் காணலாம். "நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பதைத் தெலுங்கர் "ஆரோக்கியமே மகாபாக்கியம்" என்பர். செல்வத்தினும் உடல்நலமே மேல் என்கிறது அயர்லாந்துப் பழமொழி. அதில் செல்வத்தைக் குறிக்கும் சொல்லுக்கு மாட்டு மந்தை என்றும் பொருள். நம் தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம் அல்லவா?

ஒரு நாள் மாந்தோப்பு உழவர் ஒருவர் மனைவியுடன் வந்தார். மகளின் திருமணத்துக்காக வீட்டிலிருந்த நகை முழுவதையும் அடகு வைக்க விரும்பினார். வட்டியைக் கணக்கிட்டுக் காட்டினேன். அவர் மனம் இறங்கவில்லை. அப்போது அந்த அம்மையார் மெல்லச் சொன்னார்: "அப்பு சேசி பப்பு கூடு." கடன் வாங்கிப் பருப்புச் சோறு உண்பதா என்பது அதன் கருத்து. உழவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பாதி நகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என் கணக்கால் ஆகாததை நான்கு சொற்கள் செய்தன.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த பருவத்தில் தோப்புக்கு மருந்து தெளிக்கப் பணம் தேவைப்பட்டபோது அவர் வங்கிக்கு வரவில்லை. "கடன் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன், சார்" என்றார். ஆனால் தெரிந்தவரிடம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் 'கைமாற்று' வாங்கியிருந்தார்! ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. தவணை தவறாமல் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு சலுகை உண்டு என்பதால், அது 4 விழுக்காடாகவே அமையும்.

"ஐயா, அந்தப் பழமொழி பருப்புச் சோற்றுக்குக் கடன் வாங்காதே என்கிறது, பருப்பு விதைக்க வாங்காதே என்று சொல்லவில்லையே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மறுவாரம் நிலப் பத்திரங்களுடன் வந்தார்.

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் ஒரு நொடி சிந்தியுங்கள். இந்தப் பணம் உண்ணப் போகிறதா, விளையப் போகிறதா? விடை தெளிந்தபின் எங்களிடம் வாருங்கள்.