அழிவுக்கு நாள் குறிக்க யாருக்கு அதிகாரம்?

1962 பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஆகிய ஏழும் மகர ராசியில் கூடின. கேதுவையும் சேர்த்து எண்ணி அதை அஷ்டகிரகச் சேர்க்கை என்றார்கள். 5ஆம் தேதி சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டது. உலகம் முடியப்போகிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. வட இந்தியாவில் பெரிய பெரிய யாகங்கள் வளர்த்தார்கள். அன்றைய பிரதமர் இதைச் சிரிப்புக்குரிய விஷயம் என்று ஒதுக்கினார். எதுவும் நடக்கவில்லை, அதே மாதம் பொதுத்தேர்தல்கூட நடந்தது. ஆனால் பயந்தவர்கள் தெளிவு பெற்றார்கள் என்று சொல்ல முடியாது. அழிவு வராததற்கு யாகமே காரணம் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. குறித்த நாள் பொய்த்தால் வதந்தியும் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிரிப்பு யாருடைய பயத்தையும் போக்கியதில்லை.

அந்தச் சேர்க்கை நடந்தது உண்மை. பஞ்சாங்கம் கணித்தவர்கள் அதைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஒரே ராசியில் கூடின என்றால், பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் தெரிந்தன என்பதுதான் பொருள். சந்திரன் இருந்தது சுமார் 4 லட்சம் கிலோமீட்டரில். சூரியன் 15 கோடி கிலோமீட்டரில். சனியோ சூரியனுக்கும் அப்பால் 160 கோடி கிலோமீட்டரில். சுக்கிரன் நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட, நம் கடலில் ஓதம் எழுப்ப அதற்குள்ள வலு நிலவின் வலுவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. கணக்கு ஒன்று, அதன்மேல் ஏற்றிய அச்சம் வேறொன்று. நம் வீட்டுப் பஞ்சாங்கமே இதற்குச் சாட்சி. கலியுகம் 4,32,000 ஆண்டுகள் என்பது அதன் கணக்கு. அதில் கழிந்தவை 5,100 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். பிரளயத்தை நம்புகிற பக்தருக்கும் அவருடைய மரபு நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் தந்திருக்கிறது.

மற்ற சமயங்களும் நாள் குறிப்பவர்களின் பக்கம் நிற்கவில்லை. அந்த நாளும் நாழிகையும் வானதூதர்களுக்கும் தெரியாது என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. இறுதி வேளையைப் பற்றிய அறிவு இறைவனிடம் மட்டுமே என்பதில் குர்ஆன் உறுதியாக இருக்கிறது. கையில் மரக்கன்று இருக்கும்போது அந்த வேளை வந்துவிட்டாலும், முடிந்தால் கன்றை நட்டுவிடுங்கள் என்று ஒரு நபிமொழி உண்டு. அச்சத்துக்கு இதைவிட நல்ல மறுமொழியை நான் அறியேன். ஆக, இன்ன தேதியில் உலகம் அழியும் என்று சொல்கிறவர் அறிவியலை மட்டும் மீறவில்லை. தன் வேதத்தையும் மீறுகிறார். இதைச் சொல்ல வேண்டியவர் விஞ்ஞானி இல்லை. அர்ச்சகரும் இமாமும் பாதிரியாரும்தான்.

அச்சத்தை விதைப்பதே மதம்தானே, அதையே மருந்தாக்குவதா என்று பகுத்தறிவாளர்கள் கேட்பார்கள். 1844இல் அமெரிக்காவில் ஒரு போதகரும் அவரைப் பின்பற்றியவர்களும் நாள் குறித்து ஏமாந்த கதை அவர்களுக்குச் சாதகமானதுதான். ஆனால் 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது பயத்தைக் கிளப்பியது எந்த வேதமும் இல்லை. அதன் வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதை வானியலாளர்கள் கண்டார்கள். பூமி அந்த வாலைக் கடக்கும் என்ற செய்தியும் சேர்ந்ததும் மேலை நாடுகளில் சாவித் துளையைக்கூட அடைத்தார்கள். வால்நட்சத்திர மாத்திரை என்று ஒன்றை விற்றார்கள். அந்த வாலோ எந்தத் தீங்கும் செய்ய முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்தது. வதந்திக்குச் சாதி மதம் கிடையாது. அந்தந்தக் காலத்தில் மக்கள் எதை நம்புகிறார்களோ, அதன் உடையை அது போட்டுக்கொள்ளும்.

என் கவலை பெரியவர்களைப் பற்றியதில்லை. பெரியவர்கள் பயந்து, பூஜை செய்து, மறந்துவிடுவார்கள். குழந்தைகள் அப்படி மறப்பதில்லை. 2008 செப்டம்பர் 10 அன்று ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுவான் இயங்கத் தொடங்கியது. அது கருந்துளையை உண்டாக்கிப் பூமியை விழுங்கிவிடும் என்ற பேச்சு நம் தொலைக்காட்சிகளில் இரவும் பகலும் ஓடியது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பதின்வயதுப் பெண் அதைப் பார்த்துப் பார்த்துக் கலங்கி உயிரை மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அன்று அந்தக் கருவியில் துகள்கள் மோதவே இல்லை; கற்றை சுற்றிவருகிறதா என்றுதான் பார்த்தார்கள். முதல் மோதல் நடந்தது அடுத்த ஆண்டு நவம்பரில். அதைவிட வேகமான துகள்கள் விண்ணிலிருந்து நம் காற்றுமண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன என்ற ஒரு வாக்கியம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். 2012 டிசம்பர் 21ஐ ஒட்டி, மாயன் நாள்காட்டி முடிகிறது என்ற பேச்சைக் கேட்டுச் சாகத் துணிந்த சிறுவர் சிறுமியர் அமெரிக்க விண்வெளி விஞ்ஞானிகளுக்கு எழுதினார்கள். அந்த நாள்காட்டியில் முடிந்தது ஒரு சுற்று, கி.பி. 4772இல் வரும் ஒரு நாளைக்கூட மாயர்கள் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பத்து வயதுக் குழந்தைக்கு இதைத் தேடிப் படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வீட்டாரின் முகம். அப்பாவின் செல்பேசிக்கு வந்த வீடியோவை அம்மா கவலையோடு பார்த்தால், அதுவே அந்தக் குழந்தைக்குச் சான்று.

விஞ்ஞானிகளே சொன்னதை மாற்றிக்கொள்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2024இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோள் 2032இல் பூமியில் மோத 3 சதவீத வாய்ப்பு இருப்பதாக 2025 பிப்ரவரியில் சொன்னார்கள். அந்த மாதமே ஏறக்குறைய இல்லை என்றார்கள். முதல் சில அவதானிப்புகளில் பாதை மங்கலாகத்தான் தெரியும். அவதானிப்பு கூடக்கூடத் துல்லியமாகும். மேலும், மோதியிருந்தாலும் ஓர் ஊர் அளவுக்குத்தான் சேதமே தவிர, உலகம் அழிந்திருக்காது. தன் எண்ணைத் திருத்திக்கொள்கிறவரைத்தான் நான் நம்புவேன். வதந்தி ஒருபோதும் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

அடுத்த வதந்திக்கான நாள் ஏற்கெனவே தெரியும். சுமார் 370 மீட்டர் அகலமுள்ள அபோபிஸ் என்ற சிறுகோள், இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3 மணியளவில் பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருப்பதைவிட அது நெருக்கம். நாளோ சித்திரை முதல் நாள். பயம் காட்டுகிறவர்கள் இதைவிட நல்ல தேதியைக் கேட்க மாட்டார்கள். அபோபிஸ் அன்றும் மோதாது, குறைந்தது அடுத்த 100 ஆண்டுகளுக்கும் மோதாது என்று 2021இல் ரேடார் அளவீடுகள் காட்டிவிட்டன. ஆசிரியர்களும் ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் பேசுகிறவர்களும் இதை அந்தச் சித்திரைக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். பெற்றோர்கள் இன்றைக்கே சொல்லலாம்.